ஸ்பானிஷ் தக்காளி சூப்பை வீட்டில் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினின் தென்பகுதிக்கு அண்டலூசியா என்று பெயர். செவில்லா, கோர்டோபா, மாலகா, ஹெரெஸ் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. செவில்லாவில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. அந்த வெயிலுக்கு அவர்கள் குடிக்கும் குளிர்ந்த தக்காளி சூப்தான் காஸ்பாச்சோ. அதை நம் வீட்டு மிக்ஸியில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு வழக்கமாக வரும் சந்தேகங்களை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சூப் என்றால் கொதிக்க வைக்க வேண்டாமா?

வேண்டாம். காஸ்பாச்சோவில் அடுப்புக்கு வேலையே கிடையாது. பழுத்த தக்காளியைப் பச்சையாக அரைத்து, வடிகட்டி, நன்றாகக் குளிரவைத்துச் சாப்பிடுகிறார்கள். ஒரு கொதி விட்டாலும் தக்காளியின் பச்சை மணம் போய் சாஸ் மணம் வந்துவிடும். அடுப்பில் வைத்துச் செய்கிற ஸ்பானிஷ் தக்காளி சூப்பும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்படியானால் இது உப்புப் போட்ட தக்காளி ஜூஸ்தானே?

இல்லை. காஸ்பாச்சோ செய்து பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் தக்காளி ஜூஸ்தான் செய்திருப்பார்கள். பிரெட்டை விட்டுவிட்டு, எண்ணெயை ஒரு ஸ்பூனாகக் குறைத்துவிட்டு, தக்காளியையும் வெள்ளரியையும் அரைத்துக் குடித்தால் அது வேறு பானம்.

காஸ்பாச்சோவின் ஆதாரம் தக்காளி அல்ல. பிரெட், ஆலிவ் எண்ணெய், பூண்டு, உப்பு, வினிகர், தண்ணீர் இவ்வளவுதான். வயல்களிலும் ஆலிவ் தோப்புகளிலும் கூலி வேலை செய்தவர்களின் சாப்பாடு அது. காய்ந்துபோன பிரெட்டைத் தண்ணீரில் நனைத்து, பூண்டும் உப்பும் சேர்த்து இடித்து, எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைத்து, வினிகரும் தண்ணீரும் ஊற்றிக் கரைத்துக்கொள்வார்கள். இதற்கென்று தோர்னியோ என்ற மரக் கிண்ணம் அண்டலூசியாவில் இருந்தது. இடிப்பதும் அதிலேதான், சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதும் அதிலேதான்.

தக்காளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸ் 1492இல் கடல் கடந்து போன பிறகு, 16ஆம் நூற்றாண்டில்தான் அது ஸ்பெயினுக்கு வந்தது. வந்த உடனே எல்லார் வீட்டிலும் நுழைந்துவிடவில்லை. இன்று நாம் காஸ்பாச்சோ என்றதும் நினைக்கிற சிவப்பு சூப் பரவலானது 19ஆம் நூற்றாண்டில். தக்காளி வருவதற்கு முன்பு இந்தக் குடும்பம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமென்றால் மாலகா பக்கத்து அஹோபிளாங்கோவைப் பார்க்கலாம். பாதாம், பிரெட், பூண்டு, எண்ணெய், வினிகர் போட்டு அரைத்த வெள்ளை நிறக் குளிர் சூப் அது. மேலே திராட்சையைப் போட்டுக் கொடுப்பார்கள்.

இவ்வளவு பழைய கதை எதற்கு என்றால், சமைக்கும்போது இது உதவும். பிரெட்டும் எண்ணெயும் சேர்ந்து குழைந்த ஒரு பதத்துக்குள் பிறகு வந்து சேர்ந்தது தக்காளி. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாக வந்துவிடும்.

எந்தத் தக்காளி வாங்குவது?

கையில் எடுத்தால் கனமாக, காம்புப் பக்கம் முகர்ந்தால் மணமாக, லேசாக அழுத்தினால் உள்ளே போகிற அளவுக்குப் பழுத்த தக்காளி. ஸ்பெயினில் நீள வடிவத் தக்காளியைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். அதில் சதை அதிகம்.

நம் கடைகளில் கிடைப்பவற்றில் நாட்டுத் தக்காளிக்கு மணமும் சாறும் அதிகம், புளிப்பும் அதிகம். பெங்களூர் தக்காளி என்று விற்கிற கெட்டித் தக்காளியில் சதை உண்டு, ஆனால் சப்பென்று இருக்கும். நான் இரண்டையும் பாதிப் பாதியாக எடுப்பேன். கெட்டித் தக்காளியை வாங்கி மூன்று நாள் கூடையில் வெளியே வைத்து நன்றாகச் சிவக்க விட்டு, செய்யும் நாளன்று நாட்டுத் தக்காளி வாங்கிச் சேர்த்துக்கொள்வேன். முழுக்க நாட்டுத் தக்காளியில் செய்தால் வினிகரைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். பழுக்காத தக்காளியை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். குளிரில் அது பழுக்கவும் பழுக்காது, இருக்கிற மணமும் போய்விடும்.

நல்ல தக்காளி கிடைக்காத வாரத்தில் காஸ்பாச்சோ செய்யாமல் இருப்பதே சரி. கெச்சப்போ தக்காளி விழுதோ போட்டு நிறத்தைச் சரிக்கட்டலாம். சுவை வராது.

கடை பிரெட் போடலாமா?

கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. நம் ஊர் சாண்ட்விச் பிரெட்டில் பெரும்பாலும் சர்க்கரை இருக்கும், சிலவற்றில் பாலும் வெண்ணெயும் இருக்கும். என் முதல் காஸ்பாச்சோ அதனால்தான் கெட்டது. தக்காளி நன்றாக இருந்தது, எண்ணெய் நன்றாக இருந்தது, ஆனால் குடிக்கும்போது பன்னை நனைத்துச் சாப்பிட்டது போல ஒரு தித்திப்பு கடைசிவரை நின்றது. வினிகரைக் கூட்டிப் பார்த்தேன், உப்பைக் கூட்டிப் பார்த்தேன், அது போகவில்லை.

மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டும் போட்ட பிரெட் வேண்டும். பேக்கரிகளில் பகெட் என்றோ சவர்டோ என்றோ கேட்டால் கிடைக்கும். வெட்டி ஒரு நாள் வெளியே வைத்துக் காய விடுங்கள். மேல் ஓட்டை எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். ஓடு சேர்ந்தால் சூப் பழுப்பாகிவிடும். கோர்டோபாவில் இதற்கென்றே தெலேரா என்ற பிரெட் இருக்கிறது. உட்பகுதி வெள்ளையாக, நெருக்கமாக இருக்கும். சாற்றைக் குடித்துவிட்டு மென்மையாகக் குழைந்துவிடும்.

ஆலிவ் எண்ணெய்தான் வேண்டுமா? நல்லெண்ணெய் ஊற்றினால்?

ஆலிவ் எண்ணெய்தான் வேண்டும், அதுவும் எக்ஸ்ட்ரா வெர்ஜின். இந்த சூப்பில் எதுவும் வேகவில்லை, எதுவும் வறுபடவில்லை. அதனால் எண்ணெயின் மணம் அப்படியே நாக்குக்கு வரும். நல்லெண்ணெய் எனக்கு மிகவும் பிடித்த எண்ணெய், ஆனால் அதை இங்கே ஊற்றினால் எள் மட்டும்தான் தெரியும். சூரியகாந்தி எண்ணெயில் பதம் வரும், சுவை வராது.

ஸ்பெயினின் ஆலிவ் எண்ணெயில் பெரும்பகுதி அண்டலூசியாவில்தான் எடுக்கப்படுகிறது. அங்கே ஹாயேன் மாகாணம் முதலிடம். அந்தப் பக்கத்து பிகுவால் வகை எண்ணெய்க்குக் காரமும் கசப்பும் உண்டு, அர்பெக்கினா வகை மென்மையானது. முதன்முறை செய்கிறவர்கள் மென்மையான எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். விலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் காஸ்பாச்சோவில் எண்ணெயைக் குறைத்து மிச்சம் பிடிப்பதைவிட, நான்கு பேருக்குப் பதில் இரண்டு பேருக்குச் செய்வது மேல்.

சரி, அளவும் செய்முறையும் என்ன?

நான்கைந்து பேருக்கு ஒரு கிலோ தக்காளி, 70 கிராம் பிரெட், பாதி வெள்ளரிக்காய் (சுமார் 100 கிராம்), ஒரு சிறிய பச்சை மிளகாய்த் துண்டு (எந்த மிளகாய் என்று கீழே சொல்கிறேன், 50 கிராம் போதும்), ஒரு சின்ன பல் பூண்டு, 80 முதல் 100 மில்லி ஆலிவ் எண்ணெய், 2 மேசைக்கரண்டி வினிகர், 10 கிராம் உப்பு.

தக்காளியைக் கழுவி, காம்புக் கண்ணை நீக்கி, நான்காக வெட்டி ஒரு பெரிய பாத்திரத்தில் போடுங்கள். வெள்ளரியைத் தோல் சீவி வெட்டிப் போடுங்கள். போடுமுன் ஒரு துண்டு வாயில் போட்டுக் கசக்கிறதா என்று பாருங்கள். (வெள்ளரி இந்தியத் துணைக்கண்டத்தில் முதலில் பயிராக்கப்பட்ட காய். தக்காளியைவிட எத்தனையோ காலம் முன்பே ஐரோப்பாவுக்குப் போய்விட்டது.) மிளகாய், பூண்டு, உப்பு எல்லாம் சேர்த்துக் கையால் பிசறி, மூடி வைத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். உப்பு தக்காளியிலிருந்து சாற்றை இழுத்து வெளியே கொண்டுவரும். பாத்திரத்தின் அடியில் சேர்ந்திருக்கும் அந்தச் சாற்றில்தான் பிரெட்டை ஊறப் போட வேண்டும், தண்ணீரில் அல்ல. 15 நிமிடத்தில் பிரெட் சிவந்து தளர்ந்திருக்கும்.

இப்போது எண்ணெயையும் வினிகரையும் தவிர மற்ற எல்லாவற்றையும் மிக்ஸியில் அரையுங்கள். இரண்டு தடவையாகப் போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகும், பச்சை மணம் குறையும். நைசாக அரைந்ததும் சல்லடையில் ஊற்றிக் கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தி வடிகட்டுங்கள். தோலும் விதையும் நின்றுவிடும். இதைச் செய்வதால் தக்காளியை முன்கூட்டியே வெந்நீரில் போட்டுத் தோல் உரிக்க வேண்டியதில்லை.

வடிகட்டியதைத் திரும்ப ஜாரில் ஊற்றுங்கள். மூடியில் திறப்பு இருந்தால் மிக்ஸி ஓடும்போதே எண்ணெயை நூல் போல விடுங்கள். இல்லாவிட்டால் நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் ஊற்றிச் சில விநாடி ஓட்டுங்கள். சிவப்பு வெளுத்து ஆரஞ்சு நிறம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். கடைசியாக வினிகர். அப்புறம் குறைந்தது மூன்று மணி நேரம் ஃப்ரிட்ஜில்.

குளிர்ந்த பிறகு மறுபடி ருசி பாருங்கள். குளிர்ச்சியில் நாக்குக்கு உப்பு மந்தமாகத் தெரியும். அரைத்தபோது சரியாக இருந்த உப்பு, குளிர்ந்ததும் போதாமல் போகும்.

நிறம் ஆரஞ்சாகிவிட்டது. தப்பு செய்துவிட்டேனா?

சரியாகச் செய்திருக்கிறீர்கள். எண்ணெய் மிகச் சின்னத் துளிகளாகப் பிரிந்து சாற்றோடு கலந்ததன் அடையாளம் அது. ரத்தச் சிவப்பாக நின்றால் எண்ணெய் கலக்கவில்லை என்று பொருள்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தனியாக, சக்கை தனியாகப் பிரிந்து நிற்கிறது. ஏன்?

பெரும்பாலும் பிரெட் குறைந்ததால். எண்ணெயும் சாறும் ஒன்றையொன்று விட்டு விலகப் பார்க்கும். பிரெட்டிலுள்ள மாவுச்சத்து நடுவில் நின்று இரண்டையும் பிடித்துக்கொள்ளும். பிரெட்டே போடாமல் செய்த காஸ்பாச்சோ எவ்வளவு நைசாக அரைத்தாலும் பிரியும். எண்ணெயை ஒரே மூச்சில் கொட்டியிருந்தாலும் பிரியலாம். ஒரு துண்டு பிரெட்டைப் பிரிந்த சாற்றிலேயே ஊறவைத்து மறுபடி ஒரு சுற்று ஓட்டினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

லேசான கசப்பு வருகிறதே?

மூன்று இடங்களில் பாருங்கள். முதலாவது வெள்ளரி. இரண்டாவது, சல்லடையில் அழுத்தும்போது அரைபட்ட விதை. மூன்றாவது எண்ணெய். காரமான எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்ணெயை மிக்ஸியில் வெகுநேரம் அடித்தால் கசப்பு தலைகாட்டும். அதனால்தான் எண்ணெயைக் கடைசியில், கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டச் சொன்னேன்.

வினிகருக்குப் பதில் எலுமிச்சை?

புளிப்பு வரும், ஆனால் காஸ்பாச்சோவின் குணம் மாறிவிடும். அங்கே ஊற்றுவது ஹெரெஸ் நகரத்துப் பக்கம் ஷெர்ரி ஒயினிலிருந்து செய்யும் வினிகர். மரப் பீப்பாயில் வைத்துப் பக்குவப்படுத்தியது. கொட்டை வாசனை போல ஒன்று அதில் இருக்கும். அது கிடைக்காவிட்டால் ஒயின் வினிகர், அதுவும் இல்லையென்றால் ஆப்பிள் சைடர் வினிகர். மளிகைக் கடையில் ஊறுகாய்க்கு வாங்கும் செயற்கை வினிகர் மூக்கில் ஏறும். அதற்கு எலுமிச்சையே பரவாயில்லை.

குடைமிளகாயா, பச்சை மிளகாயா?

அங்கே போடுவது நீளமான, தோல் மெல்லிய, காரமில்லாத பச்சை மிளகாய். நம் பஜ்ஜி மிளகாய் உருவத்தில் அதற்கு அருகில் வரும். ஆனால் சில சமயம் காரமாக இருக்கும், நுனியைக் கடித்துப் பாருங்கள். குடைமிளகாய் போட்டால் கால் பங்கு போதும். ஒரு முழுக் குடைமிளகாய் மற்ற எல்லாச் சுவையையும் மூடிவிடும். காரமான பச்சை மிளகாய் வேண்டாம். காஸ்பாச்சோ காரமான உணவல்ல.

பூண்டு எவ்வளவு? பச்சைப் பூண்டு நெடி அடிக்காதா?

ஒரு கிலோ தக்காளிக்கு ஒரு பல். நம் நாட்டுப் பூண்டு சின்னதானாலும் காரம் அதிகம், அதனால் அதுவும் பெரிய பல்லாக வேண்டாம். பல்லை நீளவாக்கில் பிளந்து நடுவிலிருக்கும் பச்சை முளையை எடுத்துவிடுங்கள். ஏப்பத்தில் திரும்பத் திரும்ப வரும் நெடியைப் பற்றி ஸ்பெயின்காரர்களும் பேசிக்கொள்வார்கள். பூண்டு ‘மறுபடி வருகிறது’ என்பார்கள், வெள்ளரியையும் குடைமிளகாயையும் அப்படித்தான் சொல்வார்கள். மறுநாளுக்கு வைத்தால் பூண்டு இன்னும் தூக்கலாகத் தெரியும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெங்காயம், மிளகுத்தூள், கொத்தமல்லி?

வெங்காயம் சிலர் போடுகிறார்கள், நான் போடுவதில்லை. சில மணி நேரத்திலேயே அதன் வாசனை முன்னால் வந்து நிற்கும். சீரகம் ஒரு சிட்டிகை போடுகிற வீடுகள் அண்டலூசியாவில் உண்டு, பூண்டோடு சேர்த்து இடித்துப் போடுவார்கள். மிளகும் கொத்தமல்லியும் தேவையில்லை. முதல் இரண்டு தடவை எதையும் கூட்டாமல் செய்து பாருங்கள்.

கோர்டோபாவின் சால்மொரேஹோ எப்படி வேறுபடுகிறது?

காஸ்பாச்சோ டம்ளரில் குடிப்பது, சால்மொரேஹோ ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுவது. அதில் வெள்ளரி இல்லை, மிளகாய் இல்லை, தண்ணீர் இல்லை. வினிகர் பெரும்பாலும் இல்லை. கோர்டோபாவில் இந்த உணவைப் பேணுவதற்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. அது சொல்லும் அளவு: ஒரு கிலோ தக்காளி, 200 கிராம் தெலேரா பிரெட், 100 கிராம் எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய், 10 கிராம் உப்பு, மொந்தல்பான் ஊர்ப் பூண்டு ஒரு பல். அவ்வளவுதான். தக்காளியை அரைத்து வடிகட்டி, அதில் பிரெட்டை ஊறவைத்து, பூண்டும் உப்பும் சேர்த்து அரைத்து, எண்ணெயை நூலாக விட்டுக் குழைக்க வேண்டும். ஸ்பூனால் கோடு இழுத்தால் கோடு நிற்க வேண்டும், அதுதான் பதம்.

எனக்கு இரண்டில் சால்மொரேஹோதான் பிடிக்கும். பிரெட்டும் எண்ணெயும்தான் இந்த உணவின் ஆதாரம் என்பது அதைச் சாப்பிடும்போது சொல்லாமலே விளங்கும். கைவசம் நல்ல பிரெட் இருந்தால் இதிலிருந்தே தொடங்குங்கள். காஸ்பாச்சோவைவிடத் தப்பு நேர வாய்ப்பும் குறைவு.

மாலகா மாகாணத்து அந்தேகேரா நகரில் இதன் உறவு ஒன்று உண்டு, பெயர் போர்ரா. அதில் பச்சை மிளகாய் சேரும், மேலே சூரை மீன் துண்டு போடுவார்கள்.

மேலே என்ன தூவுவது? நாங்கள் சைவம்.

சால்மொரேஹோவுக்கு வழக்கம் பொடியாக நறுக்கிய அவித்த முட்டையும், உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை இறைச்சியான ஹாமோனும். சைவமென்றால் ஒரு கோடு எண்ணெய் விட்டாலே போதும். காஸ்பாச்சோவுக்கு இந்தச் சிக்கலே இல்லை: பொடியாக நறுக்கிய தக்காளி, வெள்ளரி, மிளகாய், பொரித்த பிரெட் துண்டுகளைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து, வேண்டியதை அவரவரே போட்டுக்கொள்வார்கள். இவற்றுக்கு ஸ்பானிஷ் மொழியில் த்ரோபெசோனெஸ் என்று பெயர், இடறும் துண்டுகள் என்று சொல்லலாம். வழவழவென்று போகிற சூப்பில் பல்லுக்கு இடறுவதால் அந்தப் பெயர்.

எத்தனை நாள் வைக்கலாம்? ஐஸ் போடலாமா?

மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள். முதல் நாளைவிட இரண்டாம் நாள் சுவை ஒன்றுகூடி நன்றாக இருக்கும். எல்லாம் பச்சைக் காய் என்பதால் வெளியே வைக்க வேண்டாம். ஐஸ் கரையும்போது சூப் நீர்த்துப்போகும். உடனே குடிக்க வேண்டும் என்றால், சல்லடையில் வடிகட்டிய பிறகு எண்ணெய் விடும் முன் நாலைந்து ஐஸ் கட்டிகளைச் சேர்த்து அரைத்துவிடுங்கள், வேறு தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அடுப்பில் வைக்கும் ஸ்பானிஷ் தக்காளி சூப் என்றீர்களே, அது எது?

காதிஸ் மாகாணத்தில் ஒன்று, அண்டலூசியாவுக்கு வடக்கே எக்ஸ்ட்ரேமதுராவில் ஒன்று. இரண்டிலும் காய்ந்த பிரெட்தான் சூப்பைக் கெட்டியாக்குகிறது. காதிஸில் பூண்டும் மிளகாயும் எண்ணெயில் வதங்கி, தக்காளி சேர்ந்து குழைந்த பிறகு, பிரெட்டைப் போட்டுக் கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டியாகக் கிண்டி, புதினா இலையைக் கிள்ளிப் போடுவார்கள்.

எக்ஸ்ட்ரேமதுரா வழியை வீட்டில் செய்வது எளிது. ஆலிவ் எண்ணெயில் ஒரு வெங்காயம், இரண்டு பல் பூண்டு, ஒரு பஜ்ஜி மிளகாய் பொடியாக நறுக்கி மெல்லிய தீயில் வதக்குங்கள். தோல் உரித்து நறுக்கிய ஒரு கிலோ தக்காளி, ஒரு பிரியாணி இலை, உப்பு சேர்த்து, தக்காளி முழுக்கக் கரையும் வரை அரை மணி நேரம் விடுங்கள். கால் ஸ்பூன் சீரகப் பொடி, ஒரு ஸ்பூன் பிமெந்தோன். பிமெந்தோன் என்பது எக்ஸ்ட்ரேமதுராவின் லா வேரா பகுதியில் ஓக் விறகுப் புகையில் உலர்த்திப் பொடிக்கும் சிவப்பு மிளகாய். கிடைக்காவிட்டால் காரம் குறைந்த காஷ்மீரி மிளகாய்த்தூள் நிறத்தைத் தரும், புகை மணம் வராது. பொடி போட்டதும் உடனே அரை லிட்டர் தண்ணீர் ஊற்றிவிடுங்கள், கருகினால் கசக்கும். ஒரு கொதி வந்ததும், கிண்ணத்தில் மெல்லியதாக வெட்டிய காய்ந்த பிரெட்டை அடுக்கி மேலே ஊற்றி, மூடி ஐந்து நிமிடம் ஊற விடுங்கள்.

இதோடு அங்கே அத்திப்பழம் வைத்துச் சாப்பிடுகிறார்கள். சூடான, புளிப்பான ஒரு ஸ்பூன் சூப், பின்னாலேயே பழுத்த அத்தியில் ஒரு கடி. கேட்க விசித்திரமாக இருந்தாலும் அத்திப்பழம் வரும் பருவத்தில் கட்டாயம் செய்து பாருங்கள். அத்தி இல்லாத நாளில் திராட்சை வைத்துக்கொள்வார்கள்.